வலது கண் மட்டும்

எங்கள் நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. ‘மனிதக் கண்களின் ஒளிக்காக’ என்று அதில் எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருடங்களாக அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய் வருகிறேன். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் ஈரத்துணியால் துடைத்தும் விட்டிருக்கிறேன். அந்த வாசகம் வாசலோடு சரி, உள்ளே செல்லாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பதினோரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கண்ணுக்குள் குடியேறி விழியைத் தின்கிற ஒட்டுண்ணிகளை ஆராய்கிற இடம் அது. ஆராய்ச்சி நடப்பது எலிகளின் கண்ணில். நான் எலி அறைப் பொறுப்பாளன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, மணிக்கொரு முறை சொட்டு மருந்து போடுவது, போட்டதைப் பதிவேட்டில் எழுதுவது. இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் நான் எலியண்ணன். எனக்கு வேறு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

எலிகளை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கூண்டிலும் மரத்தூள் படுக்கை, ஒளிந்து விளையாட ஒரு குழாய், கடிக்க ஒரு கட்டை. அறைக்குள் உரக்கப் பேசக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். கண் நோய் கண்ட எலிக்கு வெளிச்சம் கூசும் என்பதால் விளக்கு எப்போதும் மங்கல். ஒருமுறை புது விளக்கு கொஞ்சம் பளிச்சென்று எரிந்துவிட்டது என்று விலங்கு நலக் குழு அவசரமாகக் கூடியது. அன்று சாயந்தரத்துக்குள் விளக்கை மாற்றிவிட்டுத்தான் கலைந்தது. இதே கட்டடத்தில் ஊழியர் கழிப்பறை விளக்கு மூன்று வருடமாக எரியவில்லை.

எலி அறைச் சுவரில் வலி அட்டை ஒன்று தொங்கும். அதில் எலி முகங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். கண்ணை இறுக்கி மூடியிருக்கிறதா, கன்னம் புடைத்திருக்கிறதா, காது பின்னால் போயிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம். லேசாகத் தெரிந்தால் ஒன்று. நன்றாகத் தெரிந்தால் இரண்டு. இரண்டு வந்துவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் வலி மருந்து கொடுத்தாக வேண்டும். பதினாறாவது நிமிடம் ஆனால் குழுவுக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும். நான் இதுவரை ஒரு விளக்கமும் எழுதியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

இந்த அட்டையைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்னபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. “ஏங்க, இன்னிக்கி இடுப்பு ஒண்ணு,” என்பாள். நான் எங்காவது பேச்சு வாங்கிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்தபடி வந்தால், மிஷினை நிறுத்திவிட்டு வந்து என் கன்னத்தைப் பிடித்துத் திருப்புவாள். “எங்க, காட்டுங்க. கண்ணு சரி. கன்னம் சரி. மீச கொஞ்சம் விறைப்பு. பூஜ்யந்தான், போய்க் கை கால் கழுவுங்க.”

என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற இன்னொரு கதையும் உண்டு. ஒருநாள் நிலையத்துப் பேனா ஒன்று தெரியாமல் என் சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பி வைப்பதற்காக நான் மறுபடி பஸ் ஏறிப் போனேன். “பேனா கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனுஷன் எங்க வீட்டுக்காரர்,” என்பாள். கிண்டலாகத்தான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது குரலில் ஒரு பெருமை வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது துணிப் பிசிறு ஒன்று அவளுடைய இடது கண்ணில் விழுந்தது. கசக்கினாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை அடித்துக் கழுவினாள். யாரும் செய்வதுதான். நாலாம் நாள் கண் செக்கச் செவேலென்று ஆகி, ஜன்னல் பக்கமே திரும்ப முடியாமல் போனது. நான் ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். தொட்டித் தண்ணீரில் இருந்த ஒட்டுண்ணி, பிசிறு கீறிய இடத்தில் ஏறிவிட்டிருந்தது. எங்கள் நிலையத்தில் எலிக்கு நோயை வரவழைக்கவும் இதையேதான் செய்வார்கள். ஊசிமுனையால் விழியில் ஒரு கீறல், அதன் மேல் ஒட்டுண்ணி கலந்த ஒரு துளி. அதற்கு மூன்று விஞ்ஞானிகளும் ஏழு அனுமதிக் கடிதங்களும் தேவைப்படும். என் மனைவிக்கு ஒரு பிசிறும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதுமானதாக இருந்தன.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று விதமான சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இது எங்ககிட்ட இருக்கற எதுக்கும் மசியல. ஏழாம் எண் சொட்டுன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. ஆனா அது ஒரே இடத்துலதான் இருக்கு.”

“தெரியும் டாக்டர். இன்னிக்கிக் காலைல கூட பன்னண்டு எலிக்குப் போட்டுட்டுத்தான் வரேன்.”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க அங்கயா வேலை பாக்கறீங்க? அப்ப கவலைய விடுங்க. ஆபத்துக்கு மனுஷங்களுக்கும் குடுக்கலாம்னு விதி இருக்கு. உங்க நிலையம் சரின்னாப் போதும். லெட்டர் எழுதித் தரேன். ஒரு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா கண்ணக் காப்பாத்திடலாம்.”

நான் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன் என்று என் மனைவி பிறகு சொன்னாள். அவளுக்கு அப்போது வலது கண் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது.

கடிதத்தைப் பதிவுப் பிரிவில் கொடுத்தேன். பதிவு எழுத்தர் நல்ல மனிதர். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஏதாவது ஒரு படிவம் கொடுத்தே அனுப்புவார். கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

“என்ன ரகம்?”

“என் சம்சாரம் சார்.”

“அது சரி. வெள்ளையா, சாம்பலா, கறுப்பா? மூணுல ஒண்ணு போட்டாத்தான் அடுத்த கட்டம் திறக்கும்.”

நான் யோசித்தேன். அவரே சாம்பல் என்று போட்டுவிட்டார்.

“வயசு?”

“முப்பத்தெட்டு.”

“வாரத்துல சொல்லுங்க.”

இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு வாரம் வந்தது. கம்ப்யூட்டர் நூற்று நாலுக்கு மேல் எடுக்கவில்லை. எலி ரெண்டு வருஷத்துக்கு மேல் இருக்காதே என்று அவர் எனக்கே விளக்கினார். நூற்று நாலு என்று போட்டுக்கொண்டார். எடையைக் கிராமில் கேட்டார். சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

“காதுல துளை இருக்கா?”

“ரெண்டு காதுலயும் ஒண்ணொண்ணு இருக்கு. கம்மல் போட.”

“அப்ப பதினொண்ணாம் நம்பர்,” என்றார். சந்தோஷமாகவே சொன்னார். எலிகளுக்குக் காதுத் துளையை வைத்துத்தான் எண். அந்த ஒரு கட்டம்தான் சிக்கலில்லாமல் முடிந்தது.

“வால் நீளம்?”

“வால் இல்ல சார்.”

“இல்லைன்னு போட்டா ஊனமுள்ள எலின்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு சென்டிமீட்டர் போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்கங்க சார்.”

இருபத்திரண்டு வருடத்தில் அந்த நிலையத்தின் பதிவேட்டில் நான் சம்மதித்து ஏறிய ஒரே பொய் அதுதான். என் மனைவியின் வால்.

இனி அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பித்துவிடலாமா என்று பார்த்தேன், முடியாது. ஏழாம் எண் சொட்டுப் புட்டி ஒவ்வொரு நாள் காலையும் புதிதாகத் திறக்கப்படும். திறந்த புட்டி மறுநாளுக்கு ஆகாது. பன்னிரண்டு எலிகளுக்கும் நாள் முழுக்கப் போட்டும் பாதிப் புட்டி மிச்சம் இருக்கும். சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்த மிச்சத்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டு, அழிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஊற்றுவது நான். சாட்சிக் கையெழுத்து, கூண்டு கழுவுகிற அக்கா. அவரைக் கூண்டக்கா என்போம்.

கடிதம் கொடுத்த அன்று சாயந்தரமே கூண்டக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தொட்டி மேல் புட்டியைச் சாய்க்கப் போனபோது அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

“தொட்டிக்கென்ன கண்ணு நோவா? இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போ எலியண்ணே. ஊத்தியாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னை என்னன்னு நெனச்சே? முறையா எழுதிக் குடுத்திருக்கேன். குடுக்காமயா போயிடுவாங்க? இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன்.”

“எழுதிக் குடுத்திருக்கியா,” என்றார் கூண்டக்கா. “சரி. அப்ப ஊத்து.”

ஊற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்றாவது வாரம் என் மனுவைப் பார்க்க விலங்கு நலக் குழு கூடியது. நீளமேஜை, ஐந்து பேர், ஐந்து தண்ணீர்ப் புட்டி. தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். என்னை உட்காரச் சொன்னார், ஆனால் நாற்காலி இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். வீட்டில் ராத்திரி பகல் தெரியாமல் அவள் படுகிற பாட்டைச் சொன்னேன். அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிடலாம் என்று, “ஐயா, பதினாறு நாளா வலி ரெண்டு,” என்றேன்.

குழு அதிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அதிர்ந்துபோனது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“பதினாறு நாளா ரெண்டா? யாரு பொறுப்பு? ஏன் பதினஞ்சு நிமிஷத்துல மருந்து குடுக்கல?” என்று தலைவர் கேட்டார்.

“மருந்து உங்ககிட்டதான் இருக்குங்க ஐயா.”

“எந்தக் கூண்டு?”

“கூண்டு இல்லீங்க. வீடு. என் சம்சாரம்.”

எல்லோரும் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். தலைவர் கோப்பைப் புரட்டினார்.

“உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. உயிர்களோட வலிய இந்தக் குழு மாதிரி யாரும் உணர்றதில்ல. ஆனா இதுல இடது கண்ணுன்னு போட்டிருக்கே. நம்ம ஆய்வு வலது கண்ணுக்குத்தான். இடது கண்ணு ஒப்பீட்டுக்காக வச்சிருக்கறது. அது நல்லா இருக்கணும்ங்கறதுதான் அதோட வேலை. அதுக்கே நோய்னு சொன்னா நாங்க எத எதோட ஒப்பிடறது?”

நான் விடவில்லை. “புது புட்டி வேண்டாங்க ஐயா. சாயந்தரம் கொட்டற மிச்சத்தக் குடுத்தாக்கூடப் போதும்.”

“மிச்சம்னு ஒண்ணு நம்ம நிலையத்துல கிடையாது,” என்றார் தலைவர். “அஞ்சு மணிக்கு மேல அது கழிவு. கழிவ ஒரு ஜீவனோட கண்ணுல ஊத்த நான் எப்படி அனுமதி குடுப்பேன்? நாளைக்கு யாராவது எங்கள இரக்கமில்லாதவங்கன்னு சொல்லிடக் கூடாது இல்லையா?”

ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் நகல் ஒன்று எனக்கும் கொடுத்தார்கள். முத்திரை நன்றாக விழுந்திருந்தது. அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு நான் போய் மிச்சத்தை ஊற்றினேன்.

ஏன் ஊற்றினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பயம் என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் சுலபமாக இருக்கும். பயம் இல்லை. அவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையை வைத்தால் கேட்பதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். என் மனைவியின் கண்ணை வைத்துக்கொண்டு நான் நாணயம் காட்டிக்கொண்டிருந்தேன். இதைவிடப் பளிச்சென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அவளிடம் புட்டி மிச்சமாவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. “மனு போயிருக்கு, வந்துடும்,” என்று மட்டும் சொல்லுவேன். அவளும் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு சீருடைகளைத் தைத்தாள். பட்டன் மாறிப் போனது, காஜா கோணிப் போனது. தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, முகம் துடைத்துக்கொண்டே வந்தவள், “ஏங்க, இந்தக் கண்ணும் உறுத்துதுங்க,” என்றாள். வலது கண். இரண்டு கண்ணுக்கும் ஒரே துண்டைத்தான் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலிகளுக்கு நாங்கள் கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று தனித்தனியாக வைப்போம். இது எனக்கு வீட்டில் தோன்றவில்லை.

அந்த நிமிடம் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். வலது கண் வந்துவிட்டது, இனி விதிக்குள் வந்துவிட்டாள் என்று ஒரு சந்தோஷம். பெண்டாட்டியின் கண் சிவப்பதைப் பார்த்து மகிழ்ந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சட்டையைக் கூடச் சரியாகப் போடாமல் நிலையத்துக்கு ஓடினேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை மேலிருந்த விதிப் புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியின் கீழே விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

“ரெண்டு கண்ணுலயும் நோய் கண்ட மாதிரிய ஆய்வுலேர்ந்து நீக்கணும். ஒப்பிட ஒரு நல்ல கண்ணு இல்லையே. போன தடவ ஒரு கண்ணு நல்லா இருந்துச்சு, ஆனா அது தப்பான கண்ணு. இப்ப சரியான கண்ணு வந்திருக்கு, ஆனா கூடவே தப்பான கண்ணும் இருக்கு. நீங்க கொஞ்சம் யோசிச்சு வந்திருக்கலாம்.”

குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒருவர் உண்டு. தலைவருடைய மைத்துனர். அன்றுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். “இந்தம்மா மனுஷங்கதானே? மனுஷங்கன்னா சம்மதம்னு ஒண்ணு வாங்கணுமே. எலிகிட்ட நாம அதெல்லாம் கேக்கறதில்ல,” என்றார். இந்தக் கேள்வியின் ஆழத்தில் எல்லோரும் சற்று நேரம் மூழ்கிப்போனார்கள். நிலையத்தில் சம்மதப் படிவம் என்று ஒன்றே கிடையாது என்பது தெரியவந்தது. படிவம் தயாரிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். படிவம் வந்து, அதில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மருந்து கொடுக்கத் தடையில்லை என்று எழுத்திலேயே தந்தார்கள். ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

ஆறு வாரமும் நான் ஒவ்வொரு நாளும் துணைக்குழு அறையை எட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் படிவத்தின் தாள் என்ன நிறம் என்று பேசினார்கள். இன்னொரு வாரம் ‘சம்மதிக்கிறேன்’ என்பதா ‘மனமாரச் சம்மதிக்கிறேன்’ என்பதா என்று பேசினார்கள். வலி மாத்திரை வாங்க நான் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்தேன். கூண்டக்கா தினமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான் ஊற்றும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இதற்கு நடுவில் ஒன்பதாவது வாரம் நிலையத்துக்கு ஒரு மகத்தான நாள் வந்தது. முப்பத்தொன்றாம் எண் எலிக்குப் பார்வை திரும்பிவிட்டது. ஏழாம் எண் சொட்டு வேலை செய்துவிட்டது. அரங்கில் விழா. ஊழியர் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சுற்றறிக்கை. நான் என் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அவளே தைத்த, காஜா கோணாத நாளில் தைத்த நல்ல சட்டையை எனக்குப் போட்டுவிட்டிருந்தாள். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

இயக்குநர் பேசினார்.

“இருட்டுல ஒரு உயிர் தவிக்கறப்ப இந்த நிலையம் தூங்காது. நம்ம கண்ணு முன்னாடியே ஒருத்தர் பார்வைய இழக்கறத நாம பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? முடியாது. அதான் முப்பத்தொண்ணுக்கு நாம ராப்பகலா மருந்து போட்டோம். நிதி கேட்டோமா? நேரம் பாத்தோமா? அனுமதிக்குக் கூடக் காத்திருக்கல, ஒரே நாள்ல வாங்கினோம். இன்னிக்கி அது உலகத்தப் பாக்குது.”

முப்பத்தொன்றை ஒரு கண்ணாடிப் பெட்டியில் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். வலது பக்கமாக ஒரு சிறிய விளக்கைக் காட்டினார்கள். அது மூக்கை உயர்த்தி அந்தப் பக்கம் திரும்பியது. அரங்கமே கை தட்டியது.

“என்னங்க ஆச்சு?” என்று என் மனைவி காதோடு கேட்டாள்.

“எலி திரும்பிப் பாத்துச்சு.”

“விளக்க அணைச்சுட்டாங்களா? பாவம், கூசப்போகுது,” என்று சொல்லிவிட்டு அவளும் கை தட்டினாள்.

பிறகு எனக்குப் பொன்னாடை போட்டு, சட்டமிட்ட படம் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். முப்பத்தொன்றின் விழி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கியது. என் மனைவி அதை மடியில் வைத்துச் சட்டத்தின் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். “என்ன படம்?” என்றாள். “கண்ணு,” என்றேன். “யாரோடது?” என்று கேட்காததற்கு இன்றும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

விழா முடிந்ததும் முப்பத்தொன்றை என்னிடமே கொடுத்தார்கள். குணமான எலியை வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. கண்ணை எடுத்துச் சீவிப் பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும். நான்தான் பிடித்துக்கொண்டேன். வலிக்காமல் முடித்தார்கள். வலி பூஜ்யம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

பதினோராம் வாரத்தின் கடைசி நாள் படிவம் வந்தது. இளநீலத் தாள். பதிவு எழுத்தரே எழுந்து வந்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு. ‘மேற்கண்டவற்றைப் பங்கேற்பாளர் தாமே கண்ணால் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். பிறர் படித்துக் காட்டுவது அனுமதிக்கப்பட மாட்டாது.’

வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். மூக்குக்கு நேரே வைத்தாள். சாய்த்தாள். போர்வையை விலக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு வெளிச்சம் கூசவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தாளைத் தேய்த்துப் பார்த்தாள், துணி பார்ப்பதைப் போல.

“நல்ல தாளுங்க. வழவழன்னு இருக்கு,” என்றாள்.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். “ரெண்டு விழியும் தழும்பாயிடுச்சு. இனிமே அந்த மருந்து வந்தாலும் ஒட்டுண்ணிதான் சாகும். பார்வை திரும்பாது,” என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தோம். அவள் வழக்கம்போலத் தையல் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மிஷினுக்கு உறை போட்டிருந்தது. வெகுநேரம் உறையின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்த மருந்து எப்படி இருக்கும்?”

“தண்ணி மாதிரிதான். லேசா நீலம்.”

“ஒரு எலிக்கு எத்தன சொட்டு?”

“தடவைக்கு ஒண்ணு.”

“பன்னண்டு எலிக்குப் போட்டா ஒரு புட்டி சரியாப் போயிடுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது.

“பாதி மிச்சம் இருக்கும்,” என்றேன்.

“மிச்சத்த என்ன பண்ணுவாங்க?”

“ஊத்திடுவாங்க. தொட்டியில.”

“யாரு ஊத்துவா?”

“நான்தான்.”

உறையை நெருடிய விரல் நின்றது.

“தெனமுமா?”

“தெனமும். எழுபத்தேழு நாள்.”

அவள் கத்தவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து என் மேல் வீசியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவள் அந்தச் சத்தம் போகிற பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

“பேனா கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனுஷன்,” என்றாள். பக்கத்து வீட்டில் சொல்கிற அதே குரல். கிண்டல்தான். ஆனால் இந்தத் தடவை முடிவில் அந்தப் பெருமை வரவில்லை.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். எலி அறையில் பழகிய பழக்கம். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டித் துழாவினாள். தோள் கிடைத்தது, கழுத்து கிடைத்தது, அப்புறம் முகம். இறுக்கி மூடியிருந்த என் கண்களின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மீசையைத் தடவினாள், அது நனைந்திருந்தது.

“ரெண்டு,” என்றாள்.

கையை எடுக்கவில்லை.